ஆம்னி ஆஃப்

சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸின் வயிற்றில்
போர்வை சுற்றி வந்தது சின்தசைசர்.
பழையது. மேல்கோடியில் ஒரு கட்டை
பால்பல்போல ஆடியது.
பெர்க்மான்ஸ் அதை என் மேசையில் இறக்கி,
சீக்வென்சரையும் ஒயர்களையும் பக்கத்தில் வைத்து
"சேனல் பாக்குற ஆளு நீதானே" என்றான்.

நான் பார்ப்பது வேறு சேனல்.
மண்டபத்தில் வடகடல் ஜெட்டிக்குப் போகிற வழியில்
விசைப்படகு வயர்லெஸ், எக்கோ சவுண்டர்,
உப்பு தின்ற போர்டுகளைப் பல்துலக்கும் பிரஷால்
தேய்த்துத் தேய்த்து எழுப்புவது பிழைப்பு.
கடையில் ஒரு செட் எப்போதும் பதினாறில் திறந்திருக்கும்.
கடலில் கூப்பிடுவதற்குப் பதினாறு.
ஆள் கிடைத்ததும் "எட்டுக்கு வா" என்று
இறங்கிப்போய் வீட்டுக்கதை பேசுவார்கள்.

மாட்டி ஓடவிட்டோம்.
டிரம் மெஷின் அடித்தது. சரி.
அதே அடியைச் சின்தசைசரும் அடித்தது,
வயலின் குரலில்.
பேஸுக்கு எழுதியதையும் அதுவே இழுத்தது.
கல்யாண வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும்
"என்னையா?" என்று எழுந்துவருகிற சித்தப்பா.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் முறைகள் நான்கு.
இது பிறப்பதே முதலாவதில்: ஆம்னி ஆன்.
பதினாறு சேனலில் எதில் சொன்னாலும்
தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.
ஆம்னி என்றால் எனக்கு பஸ்தான் தெரியும்.
"அதேதான், பைபாஸ்ல கைகாட்டுறவனையெல்லாம்
ஏத்திக்கிறது" என்றான்.
இரண்டாம் முறை யாருக்காக என்று
இன்றுவரை விளங்கவில்லை.
நான்காவதில் அவனுக்கு ஓர் ஆசை இருந்தது:
குரலுக்கு ஒரு சேனல்,
ஆறு குரலும் ஆறு பேராகப் பிரிந்து நிற்கும்.
பிறகு அவனே,
"கோயில் பாட்டுக்குக் கைநிறையப் பிடிக்கணும்டா"
என்று பக்கத்தை மூடினான்.
மூன்று, அப்படியானால்.
ஆம்னி ஆஃப், பாலி.
உன் சேனலில் வருவதை மட்டும் கேள்.
கேட்டதை முழுக் கையோடு ஒலி.

முறையை மாற்றும் கட்டளை போனதும்
பிடித்துக்கொண்டிருந்த சுரங்களையெல்லாம்
அப்படியே விட்டுவிட்டது அது.
கடைக்குள் செட்டின் இரைச்சல் மட்டும்.

எட்டரைக்குக் கரண்ட் போய், வந்தது.
வயலின் மறுபடியும் டிரம்ஸ் வாசித்தது.
திறந்து பார்த்தேன். பழுதில்லை, பிறவி.
அணைந்து எழும் ஒவ்வொரு தடவையும்
தன் பெயரை மறந்துவிடுகிறது,
யார் பெயருக்கும் திரும்புகிறது.

சோறு கொண்டுவந்த ரெக்ஸிலின்
கொஞ்சநேரம் நின்று கேட்டாள்.
"உங்களுக்கும் இதே வியாதிதான்.
நடுக்கடல்ல எவன் இருமுனாலும் காதுல விழுது.
சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி மூணு நாளாச்சு."
பெர்க்மான்ஸ் சிரித்ததில் மீன்குழம்பு சிந்தி
சீக்வென்சரின் ஐந்தாம் பொத்தான்
இப்போதும் ஒட்டிக்கொள்கிறது.

கடைசியில் வழி அந்த அறிவில்லாத பெட்டியில் இல்லை,
பாட்டில் இருந்தது.
ஒவ்வொரு பாட்டின் தலையிலும்
சுரமே இல்லாத ஒரு தாளவட்டம் சேர்த்தோம்.
அதற்குள்
ஒன்றாம் சேனலில் நூற்றிருபத்து நான்கு, சைபர்.
பின்னாலேயே நூற்றிருபத்தேழு, சைபர்.
காதுக்கு ஒன்றுமில்லை.
நாலு தட்டு.

திருவிழா ஒன்பதாம் நாள்
ஜெனரேட்டருக்கு இரண்டு முறை மூச்சடைத்தது.
ஒவ்வொரு முறையும் பெர்க்மான்ஸ்
பொத்தானை அமுக்கிவிட்டுத் தலைகுனிந்து நாலு எண்ணினான்.
கூட்டம் அவன் ஜெபிக்கிறான் என்று அடங்கியது.
ஐஸ் கம்பெனி செலஸ்டின்
தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டான்.

மேடைக்குப் பின்னால் நான்,
சட்டைப்பையில் சின்ன செட், பதினாறில்.
ஐந்தாவது பாட்டின் வெற்று வட்டத்துக்குள்
காற்றில் கிழிந்த ஒரு குரல்:
"ராக்கினி... ராக்கினி... கேக்குதா?"

ஒரு தட்டு போனது.

"கேக்குது. எட்டுக்கு வா."

வயலின்கள் எழுந்தன,
அவற்றுக்கு எழுதியது மட்டும்.
எனக்குச் சிலிண்டர் ஞாபகம் வந்தது.